இலையின் கொள்திறனும் உலகின் கரிக் கணக்கும்

நிலத்துத் தாவரங்கள் ஒளிச்சேர்க்கையின் வாயிலாக ஆண்டுதோறும் வளிமண்டலத்திலிருந்து ஏறத்தாழ 12,000 கோடி டன் கரியைக் கவர்ந்துகொள்கின்றன என்பது நெடுநாளாக வழங்கிவரும் மதிப்பீடு. நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரித்து மக்கள் ஓராண்டில் வெளியிடும் கரியோ 1,000 கோடி டன் அளவினதே. தாவரங்கள் கவர்ந்ததிற் பெரும்பகுதி சுவாசத்தாலும் மக்குவதாலும் மீண்டும் காற்றிற் கலந்துவிடுகிறது. ஆகவே, முதற்கூறிய மதிப்பீட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பிழை நேரினும், அப்பிழையே மக்கள் எரித்து வெளியிடும் கரி முழுவதையும் விஞ்சிவிடும்.

இதனை உலகம் முழுவதற்கும் நேரில் அளந்தறிதல் இயலாது. கணினி மாதிரிகளைக் கொண்டே கணித்தல் வேண்டும். அவற்றுட் பலவற்றிற்கு உட்கருவாய் அமைந்தவை, 1980-ஆம் ஆண்டில் கிரஹாம் ஃபார்க்கர், சுசான் வான் கேமரர், ஜோசப் பெர்ரி ஆகிய மூவரும் வெளியிட்ட சமன்பாடுகளாகும். ரூபிஸ்கோ என்னும் நொதி கரியமிலவாயுவைப் பிணைக்கவல்ல வேகம் ஒன்று. அதற்கு வேண்டிய மூலப்பொருள் ஒளியின் துணையால் மீண்டும் உண்டாகும் வேகம் மற்றொன்று. இரண்டனுள் எது குறைவோ அதுவே இலையின் வேகம். கிணற்றில் ஊற்று எவ்வளவு சுரப்பினும் கவலை இறைக்கும் அளவே வாய்க்காலிற் பாயும். மாடுகள் எவ்வளவு விரைந்து இழுப்பினும் ஊற்றின் அளவுக்கு மேல் நீர் வாராது.

நொதியின் உச்ச வேகத்தையே இங்கு ஒளிச்சேர்க்கைக் கொள்திறன் என்கிறோம். ('திறன்' என்னும் சொல் ஆற்றலையும் குறிக்குமாதலின் மயங்க வேண்டா, இது வேகத்தின் வரம்பு மட்டுமே.) இலையிலுள்ள நைட்ரஜனிற் கால் பங்கு வரையில் இந்நொதியில் அடங்குதலால், மண்வளம் குன்றுமிடத்துக் கொள்திறனும் குன்றும். 2009-இல் யென்ஸ் கட்கேயும் உடனாய்வாளரும் தொகுத்த அளவுகளின்படி, 25 டிகிரி வெப்பத்தில் பயிர்களின் சராசரிக் கொள்திறன் சதுர மீட்டருக்கு விநாடிக்கு ஏறத்தாழ 100 மைக்ரோமோல். சத்துகள் கரைந்துபோன பழஞ்செம்மண்ணில் வளரும் வெப்பமண்டல மரங்களுக்கோ ஏறத்தாழ 29 மட்டுமே. செழுமைக்குப் பெயர்போன காடுகளின் நிலை இது என்பது வியப்புக்குரியது.

ஆயினும், இந்த எண்ணை இரட்டித்தால் கவரப்படும் கரியும் இரட்டிக்கும் என்று எண்ணுதல் தவறு. நிழலிலுள்ள கீழ் இலைகளுக்குக் குறை ஒளியே. நொதி மிகுதலால் அவற்றிற்குப் பெரும்பயன் இல்லை. மேலும், கொள்திறன் உயர இலையின் சுவாசச் செலவும் உயரும் என்றே மாதிரிகள் கொள்கின்றன.

2011-இல் அமெரிக்க தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த கார்டன் போனன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. அவர்களது மாதிரி முதலில் ஆண்டுக்கு 16,500 கோடி டன் எனக் காட்டிற்று. இலைத்தொகுதியினுள் ஒளி பரவும் முறை முதலியவற்றைத் திருத்தியபின் அது 13,000 கோடி டன்னாகக் குறைந்தது. ஆனால் மாதிரியின் அமைப்பிலுள்ள இத்தகைய பிழைகளைக் கொள்திறன் எண்ணை மாற்றியே மறைத்துவிடவும் கூடும் என்று அவர்கள் சுட்டிக்காட்டினர். அவ்வாறு பெற்ற விடை இன்றைக்குப் பொருந்தலாம். கரியமிலவாயு மிகுந்து வெப்பமும் ஏறிய பிற்காலத்துக்கு அதனை நம்பவியலாது.

எனவே, இலையிலேயே அளந்த எண்கள் வேண்டும். வெப்பமண்டலக் காடுகளில் அவை இன்றும் அரிதாகவே உள்ளன. இலையைச் சிறு கூட்டினுள் அடைத்து, கரியமிலவாயுவின் அளவைப் படிப்படியாக மாற்றி அளப்பதற்கு அரைமணி நேரம் வரை ஆகும். உயர்ந்த மரத்தின் உச்சி இலையாயின், முதலில் அங்கு ஏற வேண்டும்; அன்றேல் கிளையை வெட்டி இறக்க வேண்டும்.