இரவில் பல்செட்

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. போன சொல்லை மீட்டுத் தருவது பல்செட். எங்கள் மல்லாங்கிணற்றில் அதனை அணியும் முதியோருள் சிலர், உறங்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்பதை நான் அறிவேன். காரணம் கேட்டால், “பேரப்பிள்ளைகள் பார்த்துச் சிரிக்குமே!” என்கின்றனர். ஆகவே, மாணவச் செல்வங்களே, இச்செய்தி முதியோரைப் போலவே உங்களுக்கும் உரியது.

பகலில் உமிழ்நீர் நம் வாயை ஓயாது கழுவிக்கொண்டிருக்கிறது. உறக்கத்தில் அது மிகவும் குறைந்துவிடும். அப்போது பல்செட் அண்ணத்தை மூடியிருந்தால், அதன் அடியில் பாக்டீரியாக்களும் காண்டிடா என்னும் பூஞ்சையும் பெருகுகின்றன. அண்ணம் சிவந்து புண்ணாகிறது. தீங்கு வாயோடு நிற்பதில்லை. உறங்கும்போது உமிழ்நீர்த் துளிகள் நாம் அறியாமலே மூச்சுக்குழலில் இறங்குவதுண்டு. இளமையில் இருமல் காவல் நிற்கிறது. முதுமையில் அக்காவல் தளர்கிறது. துளியோடு சென்ற கிருமிகள் நுரையீரலில் நிமோனியாவை விளைவிக்கக்கூடும்.

டோக்கியோ நகரில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 பேரை மூன்றாண்டுகள் கவனித்த ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. பல்செட்டோடு உறங்கியவர்களுக்கு நிமோனியா நேரும் வாய்ப்பு, அவ்வாறு உறங்காதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் சற்று மிகுதியாக இருந்தது.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. பற்கள் முற்றும் இழந்தவர் பல்செட்டைக் கழற்றியதும், நாக்கு பின்சாய்ந்து தொண்டைவழி குறுகலாம். மூச்சு இடையிடையே நின்று உறக்கம் கலையலாம். 2006இல் இத்தாலியில் நடந்த ஆய்வு இதற்குச் சான்று கூறிற்று. 2012இல் வெளிவந்த மற்றோர் ஆய்வோ, பல்செட் அணிந்த இரவிலேயே சிலர்க்கு மூச்சுத்தடை மிகுந்ததைக் கண்டது. முடிவுகள் இவ்வாறு மாறுபடுவதால், இரவில் கழற்றுவதே பொதுவிதியாக நிற்கிறது. உரத்த குறட்டையும், மூச்சுத் திணறி விழிப்பதும், பகலில் தூங்கி வழிவதும் உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கலந்து முடிவு செய்தல் நலம்.

கழற்றிய பல்செட்டை மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் கொண்டு தேய்த்துக் கழுவி, குளிர்ந்த நீரில் இட்டு வைக்க வேண்டும். கொதிநீர் ஆகாது; அக்ரிலிக் உருத்திரிந்துவிடும். பற்பொடியும் ஆகாது, அது உண்டாக்கும் கீறல்களில் கிருமிகள் குடிபுகும். காலையில் நன்கு அலசிய பின்னரே அணிய வேண்டும்.

வீட்டில் மூடியுள்ள கிண்ணம் ஒன்றில் நீர் நிரப்பி, இன்றிரவே தாத்தாவின் படுக்கையருகே வையுங்கள். அவரது பொக்கைவாய்ச் சிரிப்பைக் கண்டு நகையாமல், அன்போடு பேசுங்கள். கூச்சம் நீங்கினால், கழற்றும் பழக்கம் தானே வரும்.