கோப்பித் துருவும் கலத்தின் காவலும்

ஹேவாஹெட்ட மலைச்சாரல்களில் தேயிலைக்கு முன்னர் தழைத்திருந்தது கோப்பியாகும். 1869ஆம் ஆண்டில் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், அடுத்த 20 ஆண்டுகளில் அத்தொழிலைச் சாய்த்துவிட்டது. அப்பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலையே பின்னர் தோட்டங்களுக்கு வழிகாட்டிற்று.

ஒரு நுண்ணிய பங்கசுக்குச் செடிகள் ஏன் பணிந்தன? விடை இலையின் கலத்துக்குள் இருக்கிறது. விலங்குகளின் குருதியில் உலவும் காவற்கலங்கள் தாவரங்களுக்கு இல்லை. ஒவ்வொரு கலமும் தன்னைத் தானே காத்தல் வேண்டும். அதற்கெனக் காவற்புரதங்கள் கலத்துள் அடங்கிக் கிடக்கின்றன. பங்கசு கலத்துள் செலுத்தும் புரதத்தை இனங்கண்டதும் அவை உருமாறி ஒன்றுகூடுகின்றன.

கோதுமைத் துருவில் இது 2022இல் தெளிவாயிற்று. எஸ்.ஆர்.35 என்னும் காவற்புரதங்கள் ஐந்து சேர்ந்து வளையமாகின்றன. அவ்வளையம் கல்சியம் புகும் வாயிலாகிறது. கல்சியத்தின் வரவே அபாய அறிவிப்பு. தனிப் புரதம் வாயிலாகாது. ஆதலால் நலமுள்ள கலம் வீணே கலவரப்படுவதில்லை. அறிவிப்புப் பெற்ற கலம் தன்னையே மாய்த்துக்கொள்கிறது. உயிருள்ள கலத்தையே உண்டு வாழும் துருப்பங்கசும் அதனோடு ஒடுங்குகிறது.

இனங்காணும் புரதம் இல்லையெனில் கூட்டும் இல்லை, அறிவிப்பும் இல்லை. அக்காலத்து இலங்கைக் கோப்பிக்கு அத்துருவை எதிர்க்கும் ஆற்றல் இருக்கவில்லை. பிற்காலத்தில், திமோர்த் தீவில் அரபிக்காவும் ரொபஸ்டாவும் இயற்கையாகக் கலந்து பிறந்த செடியிலிருந்து அவ்வாற்றலைப் பல புதிய இனங்கள் பெற்றன. ஆயினும் துருவும் மாறி வருகிறது. பங்கசு தன் அடையாளத்தை மாற்றிக்கொண்டால், பழைய காவல் அதனை அறியாது விட்டுவிடும். ஆகவே புதிய காவலைத் தேடும் பணி ஓய்வதில்லை.