கோவலன் கண்ட வைரக் கடைவீதி

மதுரை பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல் என்றோர் இடம் உண்டு. கோவலன் வெட்டுண்ட இடம் அதுவே என்பது ஊரார் நம்பிக்கை. சிலம்பு விற்கப் போகுமுன் அவன் மதுரையின் இரத்தினக் கடைவீதியைச் சுற்றிப் பார்த்ததைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை விரித்துரைக்கிறது. வைரத்துக்கு ஆகாதவை என அங்கே நான்கு குற்றங்கள் சொல்லப்படுகின்றன: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கைக் கால் போன்ற கீற்று, கறை, புள்ளி, கோடு என்று கொள்ளலாம். இன்றைய நிபுணர் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் தேடுவதும் ஏறக்குறைய இவற்றையே.

மகளின் திருமணத்துக்குத் தலையணை வடிவில் பட்டை தீட்டிய 'குஷன்' வைரம் வாங்குவோர் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் வட்ட வைரத்தின் வெட்டுக்குத் தரம் குறிக்கிறது, குஷனுக்குக் குறிப்பதில்லை. ஆகவே, சான்றிதழ் இருந்தாலும் கல்லைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும். அடி ஆழமாக விடப்பட்ட கல் எடையில் (ஒரு காரட் 200 மில்லிகிராம்) நிறைவாக நிற்கும். முகப்பிலோ சிறுத்துத் தோன்றும். பணம் எடைக்கல்லவா போகிறது! கடை விளக்கைவிட்டுப் பகல் வெளிச்சத்தில் அசைத்து, நடுவில் இருள் தேங்குகிறதா என்றும் பார்க்கலாம்.

அன்று பாண்டியன் சிலம்பைச் சோதிக்கச் சொல்லவில்லை. கொன்று அதைக் கொண்டுவரச் சொன்னான். தேவியின் சிலம்பில் இருந்தவை முத்துப் பரல்கள். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து தெறித்ததோ மாணிக்கம்.