விசாரணையும் தண்டனையும்

ஆடுகளத்திற்கு வெளியே ஆட்டக்காரன் தவறிழைத்தான் என்று பழி எழுந்தால், கழகம் முதற்கண் அவனை அழைத்துக் கேட்டல் வேண்டும். இலுப்பூரில் மாலைதோறும் ஆடும் சடுகுடுக் குழுவாயினும் முறை இதுவே.

1936-ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணியில் இம்முறை பேணப்படவில்லை. உடை மாற்றும் அறையில் சினந்து பேசினார் என்று, லாலா அமர்நாத்தை முதல் டெஸ்ட் பந்தயத்திற்கு முன்பே தாயகத்திற்கு அனுப்பிவிட்டனர். அவரோ அணியின் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவர்! பின்னர் நீதிபதி பியூமாண்ட் தலைமையில் விசாரித்த குழு அவரைக் குற்றமற்றவர் என்றது. இழந்த பந்தயங்கள் மீளவில்லை.

2019-இல் தொலைக்காட்சியில் பெண்களைப் பற்றித் தகாதன பேசியதற்காக ஹார்திக் பாண்டியாவும் ராகுலும் ஆஸ்திரேலியாவிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டனர். ஆயினும் விசாரணை முடியுமுன்னரே தடை நீக்கப்பட்டது. குறைதீர்ப்பாளர் ஜெயின் இருவரையும் கேட்டபின், ஆளுக்கு 20 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தார். அதில் பாதி கடமையில் உயிர்நீத்த துணைப்படைக் காவலர் பதின்மரின் குடும்பங்களுக்கும், மறுபாதி பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கும் உரியதாயிற்று.