விரியன் கடிக்குப் பிறகு சிறுநீரைக் கவனியுங்கள்

உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் நெல் முற்றும்போது எலி பெருகும். எலியைத் தேடிக் கண்ணாடி விரியனும் வரப்புக்கு வரும். குக்கர் விசில் போலச் சீறும் இந்தப் பாம்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கடிபட்டவர் பிழைத்துவிட்டார் என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரத்தில் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

விரியனின் விஷம் இரத்தத்தைத் தாக்குகிறது. முதலில் நுண்ணிய கட்டிகளாக உறையவைத்து, பிறகு உறையவே விடாமல் செய்துவிடுகிறது. சொட்டுநீர் வடிகட்டியில் மண் அடைப்பதுபோலச் சிறுநீரகத்தின் மெல்லிய நாளங்கள் அடைபடுகின்றன. இரத்த அழுத்தமும் இறங்கினால் பாதிப்பு இன்னும் கூடும். கயிறு கட்டுவதும் கீறுவதும் மந்திரிப்பதும் நேரத்தைத் தின்னும். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். அதற்கான விஷத்தை எடுத்துத் தருபவர்களில் 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தாரும் உண்டு. இதே வட்டாரத்து மக்களின் உழைப்பில் உருவாகும் மருந்து இருக்க, பச்சிலை தேடி ஓடுவது வேதனை.

மருத்துவமனையில் பாதிப் பணிவிடை உடனிருப்பவர் கையில்தான். அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையில் சிறுநீரைப் பிடித்து, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். ஒரு நாளில் 400 மில்லிக்குக் குறைந்தாலோ, கடுங்காப்பி நிறத்தில் வந்தாலோ, முகமும் காலும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

இங்கேதான் பாசம் கெடுதல் செய்கிறது. சிறுநீர் வரவில்லையே என்று இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் கொடுக்கிறார்கள். வெயிலில் உழைத்தவருக்கு இளநீர் நல்லது. சிறுநீரகம் நின்றவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியின்றி இரத்தத்தில் சேர்ந்து இதயத்தையே நிறுத்திவிடலாம். வாழைப்பழம், பழச்சாறுக்கும் இது பொருந்தும். தண்ணீரும் கணக்குத்தான்: முந்தைய நாள் வெளியேறிய சிறுநீரின் அளவோடு ஏறக்குறைய அரை லிட்டர் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். சரியான அளவை மருத்துவரே சொல்வார். கஞ்சி, மோர், காப்பி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

டயாலிசிஸ் என்றதும் 'ஆயுள் முழுக்கவா?' என்று பயப்பட வேண்டாம். இந்த வகைச் செயலிழப்பில் பலருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் தேறிவிடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். கழுத்தில் குழாய் பொருத்தியிருந்தால் அந்த இடம் நனையக் கூடாது. குளிர் காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் சொல்ல வேண்டும்.

தேறும்போது சிறுநீர் திடீரென அதிகம் போகும். அப்போது தண்ணீரை எவ்வளவு கூட்டுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீடு திரும்பிய பின்னும் மருத்துவர் சொன்ன நாட்களில் கிரியாட்டினின், இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். கடிபட்ட கால் வலிக்கிறதென்று மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கவே கூடாது.