எம்81 குழு: அண்டையார் ஈர்ப்பில் உருமாறும் விண்மீன் திரள்கள்

சப்தரிஷி மண்டலத்தை ஒட்டிய வானப்பகுதியில், சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கின்றன எம்81, எம்82, என்ஜிசி 3077. முதல் இரண்டையும் 1774-இல் ஜெர்மானிய வானியலாளர் யோகான் போடே கண்டறிந்தார்.

இடப்புறம்: கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் எடுத்த படம். மூன்றும் தனித்தனியே தெரிகின்றன.

வலப்புறம்: ஹைட்ரஜன் வாயு உமிழும் 21 செ.மீ. ரேடியோ அலையில் பதிவான படம். மூன்றையும் இணைக்கும் வாயுப் பாலங்களைக் கவனியுங்கள். சில பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இவை ஒன்றையொன்று நெருங்கிக் கடந்தபோது, ஈர்ப்பு விசை வெளியே இழுத்த வாயு இது.

அதிகம் மாறியது எம்82. அதன் மையத்தில் வாயு குவிந்து, நட்சத்திரங்கள் மளமளவென்று பிறக்கின்றன. அவற்றில் பெரியவை வீசும் காற்றும், வெடித்துச் சிதறும் வேகமும் வாயுவை வட்டுக்கு மேலும் கீழும் பீய்ச்சுகின்றன. இடப்புறப் படத்திலுள்ள சிவப்பு இழைகள் அந்த வாயுவே. வாயு தீரத் தீர, புதிய பிறப்புகளும் குறையும்.

எம்81-க்கு அருகிலுள்ள ஹோல்ம்பர்க் 9 என்ற குறுந்திரளில் இளம் நட்சத்திரங்களே மிகுதி. இழுபட்ட வாயுவிலிருந்தே அது உருவாகியிருக்கலாம் என்று வானியலாளர்கள் கருதுகிறார்கள்.