கடல் தாண்டிய விரல்

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாய் முதலில் என்ன செய்கிறாள்? நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். அந்தக் குழந்தை கடலுக்கு அப்பால் இருந்தால்? கடிதம் போகும், குரல் போகும், முகம்கூடப் போகும். கை போகுமா?

போகும் என்று 2002 அக்டோபரில் காட்டினார்கள் விஞ்ஞானிகள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலையில் ஒருவர், சுமார் 3,000 மைலுக்கு அப்பால், லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் இன்னொருவர். இருவர் எதிரிலும் கம்ப்யூட்டர் திரை; திரையில் ஒரு பெட்டி; கையில் பேனா போன்ற கருவி. இவர் ஒரு பக்கமும் அவர் மறு பக்கமும் அழுத்தி, பெட்டியைச் சேர்ந்து தூக்க வேண்டும். ஒருவர் கை தளர்ந்தாலும் போச்சு!

இவர் அழுத்துவதைக் கம்ப்யூட்டர் கடல் தாண்டிச் சொல்கிறது. அங்குள்ள கருவியின் மோட்டார் அதே அழுத்தத்தை அவர் விரலுக்குத் தருகிறது. ஸ்பரிசம் லேசுப்பட்டதல்ல. சினிமாவுக்கு வினாடிக்கு 24 படம் போதும். தொடுவது மெய்போலத் தோன்றவோ சுமார் 1,000 தடவை கணக்குப் போட வேண்டும்!

2015-இல் ஆப்பிள் கைக்கடியாரம் வந்தது. அதன் மேல் இரண்டு விரல் வைத்தால் உங்கள் நெஞ்சுத் துடிப்பு, அதே கடியாரம் கட்டிய இன்னொருவர் மணிக்கட்டில் ‘டக், டக்’கென்று தட்டும்.

அழுத்தம் போயிற்று, துடிப்பும் போயிற்று. ஆனால் இவ்விரண்டு கருவியிலும் நெற்றிச் சூடு மட்டும் வந்து சேரவில்லை. அதற்குத் தாய் டிக்கெட்தான் வாங்க வேண்டும்!